லாக் டைம்அவுட் எவ்வளவு வைப்பது? மண்டி பில், எடைமேடை மென்பொருள் எழுதுபவர்களுக்கு

கேள்வி, பாலக்கோட்டிலிருந்து

அண்ணா, தக்காளி மண்டிக்கு பில் போடும் மென்பொருள் வைத்திருக்கிறேன். பைத்தானில் எழுதியது, டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் இருப்பது). ஒரே கணினியில் பில் திரை, விவசாயி கணக்குத் திரை, கணக்கை மேலே அனுப்பும் சிங்க் புரோகிராம் மூன்றும் ஓடும். காலையில் ஏலம் சூடுபிடிக்கும்போது 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று வந்து பில் நிற்கிறது. லாக் (பூட்டு) விலகக் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்டை 5 நொடியிலிருந்து 30 நொடி ஆக்கிவிட்டேன். அப்படியும் சில நேரம் காத்திருக்காமல் அந்த நிமிஷமே பிழை வருகிறது. எஸ்க்யூலைட் இதற்குத் தாங்காது என்று தோன்றுகிறது. சர்வர் டேட்டாபேஸுக்குப் போய்விடலாமா, இல்லை டைம்அவுட்டை இன்னும் ஏற்றிப் பார்ப்பதா?

ஜூன் 4, இரவு

இரண்டும் வேண்டாம் தம்பி. காத்திருக்காமல் பிழை வருகிறது என்றாயே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. 30 நொடி வைத்தும் உடனே பிழை வந்தால், டைம்அவுட் வேலைக்கே வரவில்லை என்று பொருள். அதை 300 ஆக்கினாலும் அதே பிழை அதே வேகத்தில் வரும்.

பில் எண் எப்படிப் போடுகிறாய்? கடைசி பில் எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, புது வரியைச் சேர்க்கிறாய் என்று நினைக்கிறேன். பல வேலைகளை ஒன்றாகக் கட்டிச் செய்வதுதான் டிரான்சாக்‌ஷன். வெறும் 'பிகின்' என்று டிரான்சாக்‌ஷனைத் தொடங்கினால் எஸ்க்யூலைட் அப்போது எந்த லாக்கும் எடுக்காது. முதலில் படிக்கும்போது படிக்கும் லாக், பிறகு எழுதப் போகும்போதுதான் எழுதும் லாக். படிக்கும் லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே எழுதும் லாக் கேட்கிற இடம் ஆபத்தானது. உன் பில் திரை அப்படி நிற்கும்போது சிங்க் புரோகிராம் எழுதும் லாக்கோடு இருக்கிறது என்று வை. கமிட் செய்ய, அதாவது எழுதியதை உறுதியாக்கி முடிக்க, படிப்பவர்கள் எல்லோரும் விலகவேண்டும் என்று அது காத்திருக்கும். பில் திரையோ சிங்க் எழுதி முடிக்கட்டும் என்று காத்திருக்கும். இருவரும் நின்றால் யுகத்துக்கும் தீராது. அதனால் எஸ்க்யூலைட் பில் திரையைக் காத்திருக்கவே விடாமல் 'பிஸி' என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. சரியான காரியத்தைத்தான் செய்கிறது.

தீர்வு ஒரு சொல்தான். எழுதப் போகிறோம் என்று முன்பே தெரிந்த டிரான்சாக்‌ஷனை 'பிகின் இம்மீடியட்' என்று தொடங்கு. எழுதும் லாக் ஆரம்பத்திலேயே கேட்கப்படும். அப்போது கையில் வேறு லாக் இல்லாததால் டைம்அவுட் முழுக்க மதிக்கப்படும்.

ஜூன் 5

நேற்றைய குறிப்போடு இதையும் சேர்த்துக்கொள். பைத்தானில் டிரான்சாக்‌ஷன் எப்படித் தொடங்கவேண்டும் என்று சொல்லும் ஐசொலேஷன் லெவலை 'இம்மீடியட்' என்று வைத்தால் போதுமே என்று பலர் நினைப்பார்கள். பழைய முறையில் பைத்தான் தானாக டிரான்சாக்‌ஷன் தொடங்குவது இன்சர்ட், அப்டேட், டெலீட்டுக்கு முன்னால்தான், படிக்கும் கட்டளையான செலக்டுக்கு முன்னால் கிடையாது. கடைசி பில் எண்ணைப் படிப்பது டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே போய்விடும். இரண்டு திரைகள் ஒரே எண்ணைப் படிக்கலாம். ஐசொலேஷன் லெவலை 'நன்' என்று வைத்துவிட்டு, 'பிகின் இம்மீடியட்', கமிட், ரோல்பேக் (எழுதியதைக் கைவிடுவது) மூன்றையும் நீயே எழுது. படிப்பது, கூட்டுவது, எழுதுவது எல்லாம் அதற்குள் வரட்டும்.

ஜூன் 7, ஞாயிறு

எவ்வளவு வைப்பது என்ற உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடை மென்பொருள் என் கைக்கு வந்தது. பெங்களூரா காய் வரும் சீசனில் டிராக்டரும் டாடா ஏஸும் லாரியும் ரோடு வரை நிற்கும். முன்பு எழுதியவர், 'புதிய சீட்டு' திரை திறந்தவுடன் டிரான்சாக்‌ஷன் தொடங்குமாறு வைத்திருந்தார். வண்டி மேடையில் ஏறி, எடை நிலைத்து, விவசாயி பெயர், ஊர், ரகம் எல்லாம் தட்டி 'சேமி' அழுத்தும்வரை எழுதும் லாக் அந்தத் திரையிடமே இருக்கும். டோக்கன் அச்சடிக்கும் புரோகிராமும் அதே கோப்பில்தான் எழுதவேண்டும். எடை போடுபவர் டிரைவரிடம் ஊர்ப்பெயர் கேட்டு இரண்டு வார்த்தை பேசினால் டோக்கன் நின்றுவிடும். அதற்கு மருந்தாக டைம்அவுட்டை நிமிஷக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். பிழைச் செய்தி குறைந்தது உண்மை. ஆனால் டோக்கன் திரை உறைந்து நிற்கும், ஆள் மறுபடி மறுபடி பட்டனை அழுத்துவார், லாக் கிடைத்ததும் வரிசையாக நான்கு டோக்கன் வெளியே வரும்.

எண்ணைத் தேர்வு செய்வதற்கு முன் செய்யவேண்டியது, மனிதன் யோசிக்கும் நேரத்தையும் நெட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே தள்ளுவது. பெயர், ஊர், எடை எல்லாம் மெமரியில் சேரட்டும். 'சேமி' அழுத்திய பிறகு பிகின் இம்மீடியட், ஒரு வரி, கமிட். பாதியில் கரன்ட் போனால் தட்டியது போய்விடுமே என்று ஆலைக்காரர் பயந்தார். நியாயமான பயம். அதற்கு வரைவுச் சீட்டு என்று தனி டேபிள் வைத்து, ஒவ்வொரு கட்டம் நிரம்பியதும் தனித்தனியாகச் சின்ன டிரான்சாக்‌ஷனில் எழுதினோம்.

இப்போது எண். பழைய ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றினால் ஒரு சுற்றுக்கு 8 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல். வழக்கமான ஜர்னல் முறையில் (மாற்றும் முன் பழையதைத் தனிக் கோப்பில் எடுத்துவைப்பது) ஒரு கமிட்டுக்குத் தரவு டிஸ்கில் இறங்கிவிட்டதா என்று சில தடவை காத்திருக்கவேண்டும். ஆக ஒரு சீட்டு எழுதப் பத்துகளில் மில்லிவினாடி. எஸ்எஸ்டியில் அதைவிட மிகக் குறைவு. இப்படி எழுதுபவர்கள் நான்கைந்து பேர் மோதினாலும் ஒரு நொடிக்குள் எல்லோருக்கும் கிடைத்துவிடும். அதற்கு மேல் இடம் விட்டு 5 நொடி வை. பைத்தானில் டிஃபால்ட்டே 5 நொடிதான். சி மொழியில் நேரடியாக எழுதினால் டிஃபால்ட் பூஜ்யம், அதாவது காத்திருப்பே இல்லை. அங்கே கட்டாயம் நீதான் வைக்கவேண்டும்.

5 நொடியும் போதவில்லை என்றால் எவனோ லாக்கை வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கிறான். அவனைத் தேடு.

ஜூன் 7, பின்னிரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே 5 நொடி என்று சொல்லக்கூடாது. சன்னலுக்கு முன்னால் ஆள் நிற்கும் திரைக்கு 5 நொடி. சிங்க் புரோகிராமுக்கு 200 மில்லிவினாடி போதும். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு ஒரு நிமிஷம் கழித்து வரட்டும், அதற்கு அவசரமே இல்லை.

காரணம் எஸ்க்யூலைட்டில் வரிசை என்பது கிடையாது. டைம்அவுட் வைத்தால் அது 1, 2, 5, 10, 15, 20, 25 மில்லிவினாடி என்று தூங்கித் தூங்கி எழுந்து, கடைசியில் 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை லாக் காலியா என்று எட்டிப்பார்க்கும். டோக்கன் இல்லாத ரேஷன் கடை மாதிரி. காலையிலிருந்து வந்து வந்து போகிறவனை விட்டுவிட்டு, கதவு திறந்த நேரத்தில் வந்தவன் வாங்கிப் போவான். அதிக நேரம் காத்திருந்தவன் 100 மில்லிவினாடித் தூக்கத்தில் இருப்பான், புதிதாக வந்தவன் 1, 2 என்று வேகமாகப் பார்ப்பான். ஆகவே சிங்க் மாதிரி ஓயாமல் எழுதுகிற ஒன்று இருந்தால் சன்னல் திரை பட்டினி கிடக்கும். சிங்க் ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும் சற்று இடைவெளி விடுவது டைம்அவுட் எண்ணைவிட அதிகம் உதவும்.

அந்த சிங்க்கைப் பற்றி இன்னொன்று. 'அனுப்பியாயிற்று' என்று குறிக்கும் டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நெட்டில் அனுப்புகிறதா என்று பார். பென்னாகரம் பக்கம் சிக்னல் எப்படி என்று உனக்கே தெரியும். முதலில் படி, டிரான்சாக்‌ஷனை மூடு, அனுப்பு, பதில் வந்த பிறகு திறந்து குறித்து மூடு.

ஜூன் 9

தம்பி எழுதியிருக்கிறார்: பில் நிற்பது போய்விட்டது. கூடவே வால் (WAL, எழுதுவதை முதலில் பக்கத்துக் கோப்பில் சேர்ப்பது) முறைக்கும் மாற்றிவிட்டாராம். இப்போது டேட்டாபேஸ் கோப்புக்குப் பக்கத்தில் உள்ள வால் கோப்பு நாளுக்கு நாள் பெருத்து, முதன்மைக் கோப்பைவிடப் பெரிதாகிவிட்டது. டைம்அவுட்டை எங்கே மாற்றினால் இது சரியாகும் என்று கேட்கிறார்.

முதலில் சந்தோஷம். ஏலம் முடிந்து பில்லுக்காக நிற்கிற விவசாயி விடிகாலையில் வீட்டை விட்டுக் கிளம்பியவர். பணம் கைக்கு வந்தால்தான் அவர் பஸ் ஏறுவார். அந்த வரிசை நகர்ந்தது பெரிய விஷயம்.

வால் முறை 2010இல் எஸ்க்யூலைட் 3.7.0இல் வந்தது. இதில் எழுதுபவர் முதன்மைக் கோப்பைத் தொடாமல் பக்கத்துக் கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவார். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரை ஒருவர் தடுக்கமாட்டார்கள். எழுதுபவர் மட்டும் அப்போதும் ஒருவர்தான். அந்தக் கோப்பு 1000 பக்கம் தாண்டினால் அதிலுள்ளது முதன்மைக் கோப்புக்கு இறக்கப்படும். ஒரு பக்கம் 4096 பைட் என்றால் சுமார் 4 எம்பி. உன்னுடையது அதை விட்டு எங்கோ போய்விட்டது என்றால் யாரோ பழைய நிலையைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் படிக்கும் இடத்துக்கு அப்பால் உள்ளதை இறக்க முடியாது, கோப்பை முதலிலிருந்து திரும்பப் பயன்படுத்தவும் முடியாது.

உன் விவசாயி கணக்குத் திரையைப் பார். கட்டத்தில் தெரிகிற வரிகளை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தை உருட்டும்போது எடுக்கலாம் என்று கர்சரை (விடையை வரிவரியாக எடுக்கும் பிடி) திறந்தே விட்டிருக்கும். காலையில் திறந்த திரை சாயங்காலம்வரை அப்படியே இருந்தால் காலை நிலைமையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வேண்டியதை முழுக்க எடுத்துக் கர்சரை மூடு. டைம்அவுட் இங்கே உதவாது, ஏனென்றால் அந்தத் திரை எந்த லாக்குக்காகவும் காத்திருக்கவில்லை.

வால் முறையிலும் முதல் நாள் சொன்ன விஷயம் மாறவில்லை. படித்த பிறகு வேறொருவர் எழுதிவிட்டால், பழைய நிலையோடு நிற்கிற நீ எழுத முயலும்போது உடனே பிஸி வரும். விரிவான பிழை எண் 517. ரோல்பேக் செய்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும், அதே இடத்தில் நின்று எத்தனை முறை முயன்றாலும் கிடைக்காது.

ஜூன் 12

ஓசூரிலிருந்து ஒருவர்: "எங்களுடையது பெர்க்லி டிபி என்ற பழைய டேட்டாபேஸ். அதில் லாக் டைம்அவுட், டிரான்சாக்‌ஷன் டைம்அவுட் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன சார். இரண்டுக்கும் 5000 வைத்தேன், எல்லாம் தோற்றுப்போகிறது."

சார், அலகைப் பாருங்கள். பெர்க்லி டிபியில் எண்ணிக்கை மைக்ரோவினாடியில். 5000 என்றால் 5 மில்லிவினாடி. 5 நொடிக்கு 50,00,000 வைக்கவேண்டும். எஸ்க்யூலைட்டில் மில்லிவினாடி, அதையே பைத்தான் வழியாக வைத்தால் நொடி, டெர்பி என்ற டேட்டாபேஸில் நொடி. ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே எடுத்துப்போனால் இப்படித்தான் ஆகும். செட்டிங் பக்கத்தில் எண்ணுக்கு அருகிலேயே அலகையும் எழுதிவைக்கச் சொல்லி என் பையன்களிடம் மல்லுக்கட்டுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். லாக் டைம்அவுட் என்பது ஒரு லாக்குக்காக ஒரு தடவை எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது. டிரான்சாக்‌ஷன் டைம்அவுட் அந்த டிரான்சாக்‌ஷன் தொடங்கியதிலிருந்து மொத்த ஆயுள். ஒரு டிரான்சாக்‌ஷன் பத்து லாக் எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் 2 நொடி என்று வைத்தாலும் மொத்தம் 20 நொடிவரை இழுக்கலாம். அதைக் கட்டுப்படுத்தத்தான் இரண்டாவது.

ஆனால் இரண்டாவதைக் காவல்காரன் என்று நம்பவேண்டாம். பெர்க்லி டிபியில் நேரம் கடந்ததா என்று பார்ப்பது இரண்டே சந்தர்ப்பத்தில்: யாராவது லாக்குக்காகத் தடைபடும்போது, அல்லது டெட்லாக் (இருவர் ஒருவருக்கொருவர் காத்து முடங்குவது) கண்டறியும் வேலை ஓடும்போது. அந்த வேலை எப்போதாவதுதான் ஓடுகிறது என்றால் 5 நொடி என்று வைத்தது அதைத் தாண்டியும் போகும். எந்த லாக்கும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் டிரான்சாக்‌ஷனை யாரும் தட்டி எழுப்பமாட்டார்கள். டெட்லாக் கண்டறிவதை அடிக்கடி ஓடவிடுங்கள்.

நேரம் கடந்தால் திரும்பி வருவது வழக்கமாக டெட்லாக் பிழைதான். டெட்லாக்கா, டைம்அவுட்டா என்று பிரித்துத் தெரியவேண்டுமென்றால் அதற்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதை வைத்தால் 'லாக் தரப்படவில்லை' என்று வேறு பிழை வரும். பிரித்து வையுங்கள். டெட்லாக் என்றால் மறுபடி முயன்றால் போதும். டைம்அவுட் அடிக்கடி வந்தால் எங்கோ ஒருவர் அளவுக்கு மீறி வைத்திருக்கிறார்.

ஜூன் 13

ஓசூர் சாருக்கு ஒரு வரி. எஸ்க்யூலைட்டில் லாக் என்பது இயங்குதளம் கோப்பின் மேல் போடுவது, புரோகிராம் செத்தால் லாக்கும் போய்விடும். பெர்க்லி டிபியில் லாக்குகள் பொதுவான நினைவகப் பகுதியில் இருக்கின்றன. லாக் வைத்திருந்த புரோகிராமை டாஸ்க் மேனேஜரில் கொன்றால் லாக் அப்படியே கிடக்கும். மற்றவர்கள் ஒவ்வொருவராக டைம்அவுட் ஆகி வெளியே வருவார்கள். டைம்அவுட்டைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை, எல்லோரையும் நிறுத்தி ரிகவரி ஓட்டவேண்டும்.

ஜூன் 16

எஸ்க்யூலைட்டில் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட் எங்கே என்று பாலக்கோட்டுத் தம்பி கேட்கிறார். கிடையாது. நாமே செய்துகொள்ளவேண்டும். நான் செய்வது: டிரான்சாக்‌ஷனைத் திறக்க ஒரே ஒரு ஃபங்ஷன், வேறு எங்கிருந்தும் திறக்கக்கூடாது. அது தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளும். கமிட் ஆகும்போது 200 மில்லிவினாடி தாண்டியிருந்தால் எந்தத் திரை, எந்த வேலை, எவ்வளவு நேரம் என்று பதிவுக் கோப்பில் எழுதும். சராசரியைப் பார்ப்பதில்லை, சீசனில் மிக மோசமான நாளின் மிக நீண்டதைத்தான் பார்க்கிறேன். ஒரே கேள்வி ரொம்ப நேரம் ஓடினால் நிறுத்த 'இன்டரப்ட்' இருக்கிறது, இன்னொரு திரெட்டிலிருந்து அழைக்கலாம்.

பதிவுக் கோப்பு வந்த பிறகுதான் ஆலையில் சாயங்கால அறிக்கை ஒன்று, அச்சடிக்கப்பட்டது என்று குறிக்கும் லாக்கோடு பிரின்டருக்குக் காத்திருப்பது தெரிந்தது. பேப்பர் சிக்கினால் எடைமேடையே நிற்கும். அதை யாரும் யூகித்திருக்க முடியாது.

ஜூன் 19

கிருஷ்ணகிரியிலேயே ஒரு நண்பர் சொன்ன தொல்லை: டைம்அவுட் வந்தால் தானாக மறுபடி முயலவைத்தார், சில நாளில் ஒரே எடைக்கு இரண்டு சீட்டு.

ஜர்னல் முறையில் கமிட்டின்போதே பிஸி வரலாம், யாராவது படித்துக்கொண்டிருந்தால். அப்போது டிரான்சாக்‌ஷன் சாகவில்லை, திறந்தே இருக்கிறது, எழுதியதும் உள்ளே இருக்கிறது. செய்யவேண்டியது கமிட்டை மட்டும் மறுபடி அழைப்பது, அல்லது ரோல்பேக் செய்து முதலிலிருந்து வருவது. அவர் புரோகிராம் இரண்டையும் செய்யாமல் இன்சர்ட்டை மறுபடி ஓட்டியது. ஒரே டிரான்சாக்‌ஷனில் இரண்டு வரி, பிறகு ஒரே கமிட். இன்னும் மோசமானது, பிழையைப் பிடித்து செய்தி மட்டும் காட்டிவிட்டு ரோல்பேக் செய்யாமல் விடுவது. அந்த லாக் அங்கேயே நின்று மற்ற எல்லோரையும் மறிக்கும்.

ஒவ்வொரு சீட்டுக்கும் திரையிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி, டேபிளில் அந்த எண் இருக்கும் பத்திக்கு, ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற யூனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். எத்தனை முறை முயன்றாலும் இரண்டாவது சீட்டு உள்ளே போகாது. இது விவசாயிக்குப் போகும் பணம், அதிகமாகப் போனாலும் குறைவாகப் போனாலும் மண்டிக்காரருக்கும் அவருக்கும் நடுவில் சண்டைதான்.

மறுமுயற்சிக்கும் வரம்பு வேண்டும். 5 நொடி டைம்அவுட், மூன்று முயற்சி என்றால் ஆள் 15 நொடி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சன்னல் திரையில் ஒரே முயற்சி, பிறகு 'சேமிக்கவில்லை, மறுபடி அழுத்தவும்' என்று பெரிய எழுத்தில் தமிழில் காட்டுகிறேன். தட்டியவை திரையிலேயே இருக்கவேண்டும், அழிந்துவிடக்கூடாது.

ஜூன் 22

தம்பியின் கடைசிக் கேள்வி. கணக்குப்பிள்ளை தன் அறைக் கணினியிலிருந்து நெட்வொர்க் ஷேர் வழியாக அதே கோப்பைத் திறந்து பார்க்கலாமா, டைம்அவுட் கொஞ்சம் கூட்டிவைத்தால் போதாதா என்று.

வேண்டாம். வால் முறைக்கு எல்லோரும் ஒரே கணினியில் இருக்கவேண்டும், பொதுவான நினைவகத்தை நம்பி ஓடுகிறது. ஜர்னல் முறைக்குத் திரும்பினாலும் நெட்வொர்க் ஷேரில் கோப்பு லாக் ஒழுங்காக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, டேட்டாபேஸே கெடலாம். கணக்குப்பிள்ளைக்குப் படிக்கத்தானே வேண்டும்? பில் கணினியில் மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று 'வேக்யூம் இன்டூ' கட்டளையால் தனிப் பிரதி எடுத்து அவர் அறைக்கு அனுப்பு. எஸ்க்யூலைட் 3.27இலிருந்து அது இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைப் பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்வதை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல். வால் கோப்பில் இருப்பது அதோடு போகாது.

ஒருநாள் கணக்குப்பிள்ளையும் எழுதவேண்டும், இரண்டு மண்டி சேரவேண்டும் என்று வந்தால் அப்போது சர்வர் டேட்டாபேஸ் பேசலாம். அதற்கு நான் வந்து உட்கார்ந்து உதவுகிறேன்.